திடீரென ஒரு காது கேளாவிடின்

காலையில் எழுந்தவுடன் ஒரு காது அடைத்தாற்போல் இருக்கின்றது. உள்ளே ஓர் இரைச்சல். சிலருக்குத் தலைச்சுற்றலும் சேர்ந்துகொள்ளும். மருதடிப் பிள்ளையார் கோயில் மணி கேட்கின்றது. ஆனால் எத்திசையிலிருந்து வருகின்றதெனத் தெரியவில்லை. மானிப்பாயில் இப்படி ஒருவர் முறையிட்டால், "குடும்பி அடைத்திருக்கும், உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் இரண்டு துளி விடுங்கள்" என்பதே அயலவர் கூறும் முதல் வைத்தியம். எண்ணெயோடு ஒரு கிழமை கழிந்துவிடும். கைவிட்டுப் போகக்கூடாத கிழமை அதுதான்.

குடும்பியாயின் கழுவி எடுத்தால் தீர்ந்தது. ஆனால் மூன்று நாட்களுக்குள் உட்காதின் கேள்வி நரம்புப் பகுதி சோர்ந்து செவிப்புலன் குன்றும் நோயொன்று உண்டு. பெரும்பாலும் ஒரு காதையே பற்றும்; பலரில் காரணம் இன்னதென்று அகப்படுவதில்லை. வாயை மூடி முனகிப் பார்த்தால் ஒரு குறிப்புக் கிடைக்கும். குடும்பி அடைத்திருந்தால் அவ்வொலி அடைபட்ட காதிலேயே பலமாகக் கேட்கும். உட்காது பழுதாயின் நல்ல காதின் பக்கம் சாயும். வைத்தியர் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதற்காகவே. முடிவாகச் சொல்லவல்லது செவிப்புலப் பரிசோதனை ஒன்றே.

நத்தை ஓடு போன்ற உட்காதுக்கு இரத்தம் ஊட்டுவது மெல்லிய ஒரு நாடி; அது தடைப்பட்டால் ஈடுசெய்ய வேறு வழியில்லை. நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுப்பது நீரிழிவின் இயல்பு. ஆதலின் நீரிழிவுக்காரர் இதில் இரட்டைக் கவனம் கொள்ளவேண்டியவராகின்றனர்.

இந்நோய்க்கு இன்று முதன்மையாகக் கொடுக்கப்படுவது ஸ்டெரொயிட் மருந்து. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் 1848இல் மருத்துவக் கல்வி தொடங்கி, பின்னர் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்த காலத்தில் இப்படியொரு மருந்து உலகில் இல்லை. அதற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1948இல், அமெரிக்காவில் வாத நோயாளி ஒருவருக்கே கோட்டிசோன் முதன்முதல் ஊசியேற்றப்பட்டது.

காது கேளாமற்போன இரண்டு கிழமைக்குள், இயன்றால் முதல் சில நாட்களிலேயே, மருந்து தொடங்குவது நன்று. மருந்தின்றியே தேறுவோரும் உளர். மருந்து உண்டும் தேறாதோரும் உளர். ஆயினும் காலம் கடந்தபின் கொடுத்துப் பயன் காண்பது அரிது.

நீரிழிவுக்காரருக்கு இங்கேதான் சிக்கல். பிரெட்னிசொலோன் குளிசை ஈரலைக் கொண்டு சர்க்கரையைப் பெருக்குவிக்கும். இன்சுலினின் வலிமையையும் குறைக்கும். அதற்கு அஞ்சிக் குளிசையை ஒளித்துவைப்போர் ஒரு சாரார். நீரிழிவு உண்டென்பதையே காது வைத்தியரிடம் சொல்லாது விடுவோர் மற்றொரு சாரார். இரண்டாமவரே பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்பவர் என்பது நம் எண்ணம். இன்னொரு நுட்பமும் உண்டு: காலையில் குளிசை உண்டால் சர்க்கரை பிற்பகலிலும் மாலையிலுமே ஏறும். விடியற்காலை வெறுவயிற்றில் மட்டும் சோதித்து, 'எல்லாம் சரி' என்று இருந்துவிடல் ஆகாது; இராச் சாப்பாட்டுக்கு முன்னரும் சோதித்தல் வேண்டும். அதற்கேற்ப நீரிழிவு மருந்தை மாற்றுவதும், சில நாட்களுக்கு இன்சுலின் கொடுப்பதும் வைத்தியரின் பொறுப்பு. ஸ்டெரொயிட் நின்றபின் இவ்வேற்றம் பெரும்பாலும் தணியும். மாற்றிய அளவை அப்போது மறுபடி குறைக்க மறந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும்.

வேறொரு வழியும் இருக்கின்றது. செவிப்பறையூடாக மெல்லிய ஊசியால் ஸ்டெரொயிட்டை நடுக்காதில் விடலாம். அமெரிக்காவில் 250 நோயாளரிடம் நடந்து, 2011இல் வெளியான ஆய்வொன்று, இவ்வூசி குளிசைக்குக் குறைந்ததன்று எனக் கண்டது. உடல் முழுவதும் மருந்து பரவுவது குறைவாதலால் சர்க்கரையும் அவ்வளவாக ஏறுவதில்லை. காது, மூக்கு, தொண்டை நிபுணரே இதனைச் செய்வர். காதை மரக்கச் செய்தே ஊசி போடுவர்; பின்னர் அக்காது மேலிருக்க அரைமணி நேரம்வரை சரிந்து படுக்கவேண்டும். அந்நேரம் உமிழ்நீரையும் விழுங்கவேண்டாம் என்பார்கள். விழுங்கினால் மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும்.