புறாத்தீவும் முருகைக்கற்பாறைகளும்: குறைந்த செலவில் ஒரு கடற்பாடம்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தூரத்தில் நிலாவெளி அமைந்துள்ளது. அதன் கடற்கரையில் நின்று பார்த்தால், ஏறத்தாழ 1 கிலோமீற்றர் அப்பால் கற்குன்று போன்ற தீவொன்று உங்களுக்குத் தெரியும். அதுவே புறாத்தீவு. ஊரவர் அதனைப் புறாமலை என்றும் அழைப்பர். மாடப்புறாக்கள் பாறைகளில் கூடுகட்டி வாழ்வதால் இப்பெயர் ஏற்பட்டது. பெரிய தீவு, சிறிய தீவு என இரண்டு உண்டு. பெரியதுகூட 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டதே. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இங்கு துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி நடத்தினர். 1963 இல் இது சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. பூங்காவின் பரப்பளவு ஏறத்தாழ 471 ஹெக்டயர். அதன் பெரும்பகுதி கடல் என்பதைக் கவனியுங்கள். பாதுகாக்க வேண்டிய செல்வம் நீருக்குக் கீழேதான் உள்ளது.

அச்செல்வம் முருகைக்கற்பாறை ஆகும். விடைத்தாளில் சிலர் இதனைத் தாவரம் என்றும், வேறு சிலர் வெறும் கல் என்றும் எழுதிவிடுகின்றனர். இரண்டும் பிழை. முருகை என்பது விலங்கு. கடற்சாமந்தி, இழுதுமீன் ஆகியவற்றின் உறவினமாகிய மிகச் சிறிய பொலிப்புகள் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து வாழ்கின்றன. அவை தம்மைச் சுற்றிக் கல்சியம் காபனேற்றினாலான கூட்டை உண்டாக்குகின்றன. நாம் கல் என்று காண்பது அந்தக் கூட்டையே. பொலிப்பின் இழையத்தினுள்ளே நுண்ணிய அல்காக்கள் வாழ்கின்றன. அல்கா ஒளித்தொகுப்பினால் உணவைத் தயாரித்துப் பொலிப்புக்குக் கொடுக்கிறது; பொலிப்பு அதற்கு உறைவிடமும் காபனீரொட்சைட்டும் கொடுக்கிறது. ஒன்றியவாழ்வுக்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை. அல்காவுக்கு ஒளி தேவை என்பதாலேயே இக்கற்பாறைகள் தெளிவான, ஆழங்குறைந்த நீரில் வளர்கின்றன. நீங்கள் மேற்பரப்பில் மிதந்தபடியே அவற்றைப் பார்க்க முடிவதற்கும் அதுவே காரணம்.

இவ்வாறு மிதந்து பார்ப்பதை ஸ்நோர்க்கலிங் என்பர். இதற்கு ஒட்சிசன் உருளை வேண்டியதில்லை. முகக்கண்ணாடி, மூச்சுக்குழாய், காற்செட்டை ஆகிய மூன்றும் போதும். நீருக்குள் வெறுங்கண்ணால் பார்த்தால் ஏன் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது? ஒளியை அதிகம் முறிப்பது கண்ணின் முன்புறத்திலுள்ள வளைந்த ஊடுகாட்டும் படையாகும். அதன் முறிவுச் சுட்டி நீரின் முறிவுச் சுட்டிக்கு மிக அண்மையானது. எனவே நீர் கண்ணைத் தொடும்போது அங்கே ஒளி போதிய அளவு முறிவடைவதில்லை. முகக்கண்ணாடி கண்ணுக்கு முன்னால் மீண்டும் ஒரு வளிப்படையை வைக்கிறது. ஆனால் ஒன்று: 4 மீற்றர் தூரத்திலுள்ள மீன் 3 மீற்றரில் இருப்பது போலவும் பெரிதாகவும் தோன்றும். கருமுனைச் சுறா ஒன்றைக் கண்டதாகக் கூறுபவர் அதன் நீளத்தைச் சற்றுக் கூட்டிச் சொன்னால் அவரைக் குறை கூறாதீர்கள்!

மூச்சுக்குழாய் ஏன் 40 சென்ரிமீற்றர் அளவுக்கு மேல் நீளமாக இருப்பதில்லை? 1 மீற்றர் ஆழத்தில் நீரினால் ஏற்படும் அமுக்கம் 1 × 1000 × 10 = 10 000 பாஸ்கல். நெஞ்சின் பரப்பளவை 0.05 சதுர மீற்றர் எனக் கொள்வோம். அப்போது அதன்மீது தாக்கும் விசை 500 நியூற்றன். அதாவது 50 கிலோகிராம் திணிவுள்ள ஒருவர் நெஞ்சில் ஏறி நிற்பதற்குச் சமன். நுரையீரலோ குழாயின் வழியே வளிமண்டல அமுக்கத்திலுள்ள காற்றுடன்தான் தொடர்புற்றிருக்கிறது. ஆகவே அவ்விசைக்கு எதிராக மூச்சை உள்ளெடுக்க இயலாது. அத்துடன், குழாய் நீண்டால் வெளிவிட்ட காற்றே அதில் தங்கித் திரும்ப உள்ளே வரும்.

இனிப் பயணத்தைப் பற்றிக் கூறுவோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். வடகீழ் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து நீரும் கலங்கிவிடும். திருகோணமலையிலிருந்து பஸ்ஸிலேயே நிலாவெளிக்குச் செல்லலாம். உள்நாட்டவருக்கான அனுமதிச்சீட்டு வெளிநாட்டவருடையதைவிட மிக மலிவு. செலவில் பெரும்பங்கு படகுக்கே போகும். படகு பொதுவாக ஆள் கணக்கில் அன்றி முழுப் படகாகவே வாடகைக்கு விடப்படுவதால், தனியே செல்லாமல் குழுவாகச் சென்று பகிர்ந்துகொள்ளுங்கள். காலையில் முதற்படகிலேயே புறப்படுவது நல்லது. அப்போது கூட்டமும் குறைவு, கடலும் தெளிவு. நீந்தத் தெரியாதவர் மிதப்பு அங்கியின்றி இறங்கக் கூடாது. தீவில் தங்கும் விடுதி கிடையாது; பகலிலேயே திரும்பிவிட வேண்டும். தீவு அமைதியாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆயினும் போரின் முடிவுக்குப் பின்னர், 2009 இலிருந்து, வருவோர் தொகை பெருகியது. அதனால் ஏற்பட்ட தீங்கு பெரும்பாலும் கால்களாலேயே விளைந்தது. நீர் வற்றிய வேளையில் முருகையின் மீது நடப்பதும், களைத்தவுடன் அதன்மேல் எழுந்து நிற்பதும் அதை முறித்துவிடுகின்றன. கிளைவிட்ட முருகை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் வரை வளரும். உருண்டை வடிவானது ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் மட்டுமே வளரும். ஒரு மிதியில் நொறுங்குவது எத்தனை ஆண்டு வளர்ச்சி என்பதை நீங்களே கணித்துப் பாருங்கள். ஆகையால் மணல் உள்ள இடத்தில் இறங்கி, மிதக்கத் தொடங்கிய பின்னரே கற்பாறைப் பக்கம் செல்லுங்கள். களைத்தால் மல்லாந்து மிதவுங்கள். வெயிலுக்குப் பூசும் களிம்புகளிலுள்ள ஒட்சிபென்சோன் முருகைக்குக் கேடு எனக் கருதி, பலாவு நாடு 2020 இல் அதனைத் தடைசெய்தது. நீளக்கைச் சட்டை அணிந்தால் களிம்புச் செலவும் மிஞ்சும்.

இன்னொரு ஆபத்து தீவில் எவரும் தடுக்கக்கூடியதன்று. நீரின் வெப்பநிலை வழமையான கோடை உச்சத்தைவிட 1 பாகை செல்சியஸ் அளவு கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பொலிப்பு தன் அல்காக்களை வெளியேற்றிவிடும். இதுவே வெளிறல் எனப்படும். 1998 இல் எல் நினோவின் விளைவாக ஹிக்கடுவையிலும் கற்பிட்டியின் பார் கற்பாறையிலும் முருகைகள் பெருமளவில் வெளிறி மடிந்தன. புறாத்தீவு பெரும்பாலும் தப்பியது. இன்று மாணவர்கள் சென்று பார்க்கக்கூடியதாக எஞ்சியிருக்கும் சிலவற்றுள் இது ஒன்றாக இருப்பது இதனாலேயே.

பயிற்சி: கடல்நீரின் அடர்த்தி கன மீற்றருக்கு 1030 கிலோகிராம் எனின், 0.4 மீற்றர் ஆழத்தில் நீரினால் ஏற்படும் அமுக்கம் யாது? (விடை: 4120 பாஸ்கல்)