கொசு மருந்தும் மருந்துதானா?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் மாத்திரை, உணவு, மறுபரிசோதனை நாள் ஆகியவையே முதலிடம் பெறும். மழைக்காலத்தில் அவற்றோடு கொசுவும் சேர்ந்துகொள்ளும். சென்ற மழைக்காலத்தில், ஆஸ்துமாவால் அவதியுறும் சிறுவன் ஒருவனின் தாய் கேட்டார்: “எங்கள் குடியிருப்பில் கொசு மருந்தைத் தானாகத் தெளிக்கும் கருவி வைக்கப் போகிறார்களாம், டாக்டர். பையனுக்கு ஒத்துக்கொள்ளுமா?”

நாங்கள் உடனே விடை கூறவில்லை. “அதற்குள் எந்த மருந்தை ஊற்றப் போகிறார்கள் என்று கேட்டு வாருங்கள், அம்மா” என்றோம். அடுத்த முறை வந்தபோது அவர், “கருவியின் பெயரைத்தான் சொல்கிறார்கள். மருந்தின் பெயர் யாருக்கும் தெரியவில்லை” என்றார். அந்தப் பதிலே இக்கட்டுரைக்குக் காரணம்.

கருவி இயங்கும் முறை

அமெரிக்க நாட்டில் வீட்டுத் தோட்டங்களில் பயன்படும் அமைப்பு இது. ஒரு தொட்டியில் பூச்சிக்கொல்லி நிரப்பப்படுகிறது. அதிலிருந்து மெல்லிய குழாய்கள் மதிலையும் கூரை விளிம்பையும் ஒட்டிச் செல்கின்றன. குழாய்களில் இடைவெளிவிட்டுப் பொருத்திய தெளிமுனைகள், டைமர் குறித்த நேரத்தில் மருந்தை நுண்துளிகளாக வெளியிடுகின்றன. பெரும்பாலும் பயன்படுபவை, சாமந்தி இனத்துப் பூவிலிருந்து எடுக்கப்படும் பைரித்ரின்களும், அவற்றைப் போன்று செயற்கையாக உருவாக்கப்பட்ட பெர்மெத்ரின் முதலிய பைரித்ராய்டுகளும் ஆகும்.

நம் வீட்டுச் சுவரில் செருகி வைக்கும் திரவ மெஷினும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களையே ஆவியாக்குகிறது. டிரான்ஸ்ஃப்ளூத்ரின், பிராலெத்ரின் என்னும் பெயர்களை அதன் புட்டியில் காணலாம். அளவு மிகக் குறைவு, முறையும் வேறு. ஆயினும் இரண்டிற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: அருகில் இருப்பவர் யார் என்பதைக் கருவி அறியாது. மருத்துவமனையில் ஒரு செவிலியர் நோயாளியின் முகத்தைப் பாராமல், கடிகாரத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பதில்லை. டைமரோ கடிகாரத்தை மட்டுமே பார்க்கிறது. குழந்தை முற்றத்தில் விளையாடினாலும், முதியவர் சன்னலோரம் உறங்கினாலும், அது நேரம் தவறாமல் தெளித்துவிடும்.

சட்டம் கூறுவது

நாம் வழக்கத்தில் ‘கொசு மருந்து’ என்கிறோம். சட்டத்தின் பார்வையில் அது பூச்சிக்கொல்லி. இந்தியாவில் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி, எந்தப் பூச்சிக்கொல்லியும் பதிவு பெற்ற பின்னரே விற்பனைக்கு வர வேண்டும். அப்பதிவு, குறிப்பிட்ட பொருளுக்கும் குறிப்பிட்ட பயன்பாட்டிற்கும் உரியது. திரவ மெஷினுக்கென்று பதிவான ஒன்றைத் தண்ணீரில் கலந்து குழாய்வழியே தெளிப்பது, மருந்துச் சீட்டில் ‘ஒரு மாத்திரை’ என்றிருக்கப் பத்து மாத்திரையைக் கரைத்துக் குடிப்பதைப் போன்றது.

புட்டியின் மீதுள்ள சாய்சதுரத்தைக் கவனியுங்கள். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நச்சுத்தன்மையின் அளவைக் காட்டும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்தது மஞ்சள், பின்னர் நீலம், பச்சை குறைந்த நச்சுத்தன்மை உடையது. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்பது பொருளன்று. பதிவு எண்ணும் வேதிப்பொருளின் பெயரும் இல்லாத கொசு ஊதுபத்திகளையும் திரவங்களையும் வாங்காதீர்கள். ‘மூலிகை’ என்று அட்டையில் எழுதியிருப்பது பதிவுக்கு ஈடாகாது.

அமெரிக்காவிலும் பூச்சிக்கொல்லிக்கே பதிவு தேவை. அதனைத் தெளிக்கும் கருவிக்குத் தேவையில்லை. ஆகவே ‘அங்கே பரவலாகப் பயன்படுகிறது’ என்று விற்பனையாளர் கூறுவதால் மட்டும் பாதுகாப்பு உறுதியாகிவிடாது.

யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

லேபிளில் கூறிய அளவில், கூறிய முறையில் பயன்படுத்தினால் பைரித்ராய்டுகள் பெரும்பாலோருக்குக் கடுந்தீங்கு செய்வதில்லை. எனினும் ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு இருமலும் மூச்சிறைப்பும் தூண்டப்படலாம். தோலில் படிந்தால் எரிச்சலும் குறுகுறுப்பும் தோன்றலாம். கைக்குழந்தைகள், கருவுற்ற தாய்மார்கள், படுக்கையிலேயே இருக்கும் முதியவர்கள் ஆகியோர் உள்ள அறைகளிலும் கவனம் வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோரின் அருகில் கொசுவர்த்திச் சுருளோ ஊதுபத்தியோ கொளுத்தவே கூடாது, தீவிபத்து நேரும். மூடிய அறையில் ஒரு சுருள் முழுதாக எரியும்போது வெளியாகும் நுண்துகள்கள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்கு நிகரானவை என 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. பைரித்ராய்டுகள் மீன்களுக்கும் தேனீக்களுக்கும் கொடிய நஞ்சு. பெர்மெத்ரின் பூனைகளுக்கும் ஆகாது.

இதனால் அஞ்சிக் கொசுக்கடியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் கூறவில்லை. நோயால் தளர்ந்த உடலுக்கு டெங்கு இன்னும் பெரிய ஆபத்து. எதனால் கொசு உண்மையில் குறையும் என்பதே கேள்வி.

தெளித்தால் போதுமா?

நுண்துளி, பறக்கும் கொசுவின் மீது பட்டால்தான் அதனைக் கொல்லும். தேங்கிய நீரில் வளரும் புழுக்களை அது தொடுவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. வீட்டிலும் சுற்றிலும் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுவது. வெப்பமான நாள்களில் ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும். நாள்தோறும் ஒரே மருந்தைத் தெளித்துக்கொண்டிருந்தால், அதற்குப் பழகிய கொசுக்களே மிஞ்சிப் பெருகும். டெங்கு பரவும்போது உள்ளாட்சி அமைப்புகள் புகையடிப்பது அவசரகால நடவடிக்கை. அதனை அன்றாடப் பழக்கமாக்குவது பயன் தராது.

ஆகவே வாரம் ஒருநாள் குறித்துக்கொள்ளுங்கள். பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றைக் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியை உட்புறம் தேய்த்துக் கழுவி இறுக மூடுங்கள். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். சன்னலுக்கு வலையடியுங்கள். நோயாளி பகலில் உறங்கினாலும் கொசுவலைக்குள் உறங்கட்டும்.

கருவி வைப்பதற்கு முன்

உங்கள் குடியிருப்பில் இத்தகைய ஏற்பாடு வருமானால், நலச்சங்கத்திடம் இவற்றைக் கேளுங்கள்: மருந்தின் பெயரும் பதிவு எண்ணும் என்ன? இம்முறையில் தெளிக்க அதன் லேபிள் இடமளிக்கிறதா? டைமரை நீக்கி, ஆளில்லாததைப் பார்த்த பின்னர் ஒருவர் இயக்கும்படி அமைக்க முடியுமா? தெளிக்கும் நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்படுமா? காற்றடிக்கும்போது நிறுத்தப்படுமா? தெளிமுனைகள் சன்னல், கிணறு, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகியுள்ளனவா? தொட்டிக்குப் பூட்டு உண்டா? எழுத்து மூலமான விடை கிடைக்கும்வரை ஒப்புதல் அளிக்க வேண்டியதில்லை.

தவறு நேர்ந்தால்

குழந்தை திரவ மெஷின் புட்டியிலுள்ளதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதிலுள்ள மண்ணெண்ணெய் போன்ற திரவம் நுரையீரலுக்குள் சென்றால் தீங்கு பெருகும். உப்புக் கரைசலும் கொடுக்க வேண்டாம். 108ஐ அழைத்து, புட்டியையும் கையோடு எடுத்து வாருங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். தோலில் பட்டால் உடையை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூச்சுத்திணறலோ வலிப்போ தோன்றினால் சிறிதும் தாமதிக்காதீர்கள்.

அந்தத் தாய் பின்னர் ஒருநாள் மகனின் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். மருந்தின் பெயரைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லையாம். ஆகவே கருவியும் வரவில்லை. “ஞாயிறு காலையில் எல்லாரும் சேர்ந்து மொட்டை மாடியைச் சுத்தம் செய்கிறோம், டாக்டர். இவன்தான் எந்தத் தட்டில் தண்ணீர் நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிறான்” என்றார்.