குறியும் துணியும்

கொழும்புப் புறக்கோட்டையின் நடைபாதைக் கடைகளில் ஏற்றுமதிக்கெனத் தைக்கப்பட்டு எஞ்சிய சட்டைகள் குவியலாக விற்கப்படுவதைக் காணலாம். அவற்றுட் பலவற்றின் கழுத்துப் புறத்தே ஒரு சிறு துணிச்சீட்டுப் பாதியிற் கத்தரிக்கப்பட்டிருக்கும். அன்றேல் அதிலுள்ள பெயரின்மேல் மையினாற் கோடிடப்பட்டிருக்கும். சில சட்டைகளில் யாதேனும் சிறு குறையிருத்தல் கூடும். பலவற்றில் அதுவுமில்லை, கட்டளையிட்ட தொகைக்கு மேலாகத் தைக்கப்பட்டமையே அவை செய்த குற்றம். அதே நூல், அதே நெசவு, அதே கையாற் போடப்பட்ட தையல். ஆயினும், சீட்டுக் கெடாத சட்டை மேனாட்டு அங்காடியில் இதனிலும் பன்மடங்கு விலைக்குப் போகின்றது. கத்தரிக்கோலின் ஒரு வெட்டினாற் குறைந்த அந்த விலை எதற்குரிய விலை? உடையொன்றை வாங்கி அணிந்து பேணுவோர்க்கு அச்சீட்டு யாது பயன் தருகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குக் குறி துணியின்மேல் ஏறிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

முற்காலத்திற் பொருள்மீது இடப்பட்ட குறி வாங்குவோனுக்கு ஓர் உறுதிமொழியாகவே நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்காசயரிலிருந்து இந்தியாவுக்கு ஏற்றப்பட்ட பருத்தித் துணிகளில் வண்ணப் படம் அச்சிட்ட தாட்சீட்டுக்களை ஒட்டி அனுப்பினர். தெய்வ வடிவங்களும், யானை புலி முதலிய விலங்குகளும் அவற்றிற் காணப்பட்டன. ஆங்கிலம் வாசிக்க அறியாதவரும் படத்தைப் பார்த்து முன்பு வாங்கிய துணியையே மீண்டும் கேட்டு வாங்குதற்கு அவை உதவின. பிரித்தானியாவில் வணிகக் குறிகளைப் பதிவுசெய்யும் சட்டம் 1875இல் நிறைவேறியது. பதிவு 1876ஆம் ஆண்டின் முதல் நாளிலே தொடங்கிற்று. இக்கட்டத்திற் குறிக்கும் துணிக்கும் இருந்த உறவு நேர்மையானது. துணி கெட்டதாயின் குறியும் கெட்டுப்போகும். ஆதலின் குறியுடையோன் துணியைக் காத்தான்.

ஆயத்த உடையிலே இவ்வுறவு வேறுவிதமாகத் திரும்பிற்று. பாரிசு நகரிற் கடை நடத்திய சாள்ஸ் பிரெடரிக் வேர்த் என்னும் ஆங்கிலேயர் தாம் தைப்பித்த உடைகளிலே தமது பெயர்ச்சீட்டை வைத்துத் தைத்தார். ஓவியன் தன் படத்தின் மூலையிற் கையொப்பமிடுதல் போன்ற செயல் அது. எனினும் அச்சீட்டு உடையின் உட்புறத்திலே மறைந்திருந்தது. அணிந்தவரன்றி வேறெவரும் அதனைக் காணார்.

அது வெளியே வந்த கதைக்கு இரண்டு எடுத்துக்காட்டுக்கள் போதும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துத் தையற்காரரான யாக்கோப் டேவிசும், துணி வணிகரான லீவை ஸ்ராசும் 1873ஆம் ஆண்டு மே 20ஆந் திகதி ஒரு காப்புரிமை பெற்றனர். உழைப்பாளரின் காற்சட்டையிற் பை கிழியும் மூலைகளைச் செப்பாணி கொண்டு இறுக்குதலே அவர்கள் கண்ட புதுமை. அது துணியின் வாழ்நாளை நீட்டிய மெய்யான புதுமையாகும். காப்புரிமைக் காலம் கழிந்தபின் ஆணி அறைதல் எவர்க்கும் இயலுவதாயிற்று. பின்னர், 1936இல், அந்நிறுவனத்தார் பின்புறப் பையின் ஓரத்திலே சிவந்த சிறு நாடாவொன்றைப் பெயருடன் தைக்கலாயினர். தூரத்திலிருந்து பார்ப்போரும் தம் காற்சட்டையைப் பிறருடையதினின்றும் பிரித்தறிதல் வேண்டும் என்பதே நோக்கம். ஆணி காற்சட்டையைக் காத்தது. நாடா பெயரைக் காத்தது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள் எனலாம். மற்றையது ரெனிஸ் வீரர் ரெனே லக்கோஸ்ற் என்பாரின் முதலை. 1933இல் அவர் பங்காளியொருவருடன் தொடங்கிய நிறுவனத்தின் சட்டைகளில் அவ்வுருவம் மார்பின்மேற் பின்னப்பட்டது. அணிந்தவர் விலை கொடுத்து வாங்கிய சட்டையைப் பூண்டு விற்றவரின் விளம்பரத்தைத் தெருவெங்கும் சுமந்து செல்லும் வழக்கம் அதன்பின் பெருகிற்று. விளம்பரப் பலகை சுமப்போருக்குக் கூலி கொடுப்பது உலக வழக்கு. இங்கோ சுமப்பவரே கூலியும் கொடுக்கின்றார்.

குறியொன்று துணியின் தரத்தை மாத்திரமே குறித்து நின்ற காலமும் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் அது நிகழ்ந்தது. 1941ஆம் ஆண்டு யூன் 1ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, வணிக அமைச்சின் தலைவராயிருந்த ஒலிவர் லிற்றல்டன் உடைப் பங்கீட்டை அறிவித்தார். அடுத்த நாள் விடுமுறையாதலாற் கடைகள் பூட்டியிருந்தன. முன்னரே அறிந்து ஓடி வாங்குதற்கு ஒருவர்க்கும் வாய்ப்பில்லை. இரகசியம் வெளிப்படாதிருத்தற் பொருட்டுத் தனிக் கூப்பன்களும் அச்சிடப்பட்டில. உணவுப் பங்கீட்டுப் புத்தகத்திற் பயன்படாதிருந்த மாஜரீன் கூப்பன்களே முதலில் உடைக்கும் செல்லும் எனப்பட்டன. ஆளொருவருக்கு ஆண்டுக்கு 66 கூப்பன். ஆடவரின் கம்பளி உடைத்தொகுதி ஒன்றுக்கு 26, மேலங்கிக்கு 16, சப்பாத்துக்கு 7, பருத்திச் சட்டைக்கு 5. இவை நான்கும் வாங்கினால் 54 போய்விடும்; எஞ்சும் பன்னிரண்டைக் கொண்டு காலுறை உள்ளாடை யாவும் ஓராண்டுக்கு முடித்துக்கொள்ளல் வேண்டும். பின்வந்த ஆண்டுகளில் அளவு இன்னுங் குறைந்தது. பங்கீடு 1949ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே முற்றாக நீங்கிற்று.

கூப்பன் கொடுத்து வாங்கும் உடை ஆறு மாதத்திற் கிழியுமாயின் மக்கள் பொறார். ஆதலின் அரசு ‘பயன்பாட்டுடை’ என ஓர் ஏற்பாட்டையும் உடன் வகுத்தது. இன்ன துணிக்கு இன்ன நூல், இத்துணை நிறை என்று விதிகள் எழுதப்பட்டன. ஒவ்வொரு துணிவகைக்கும் எண் கொடுக்கப்பட்டது. விலைக்கு மேலெல்லை வகுக்கப்பட்டது. அவ்வாறு செய்யப்பட்ட உடையில் ஒரே குறி. ஆப்புவடிவில் ஒரு துண்டு நீக்கிய இரு வட்டங்களும் 41 என்னும் எண்ணும் அதிற் காணப்பட்டன. வட்டங்கள் ‘சீ’ என்னும் ஆங்கில எழுத்துக்களாம். மக்களோ அவற்றைப் பாற்கட்டி எனப் பெயரிட்டு நகைத்தனர். அதனை வரைந்தவர் ரெஜினால்ட் ஷிப். 1942இல் இலண்டன் உடை வடிவமைப்பாளர் சங்கத்தைச் சேர்ந்த நோர்மன் ஹாட்னெல், ஹார்டி ஏமிஸ் முதலியோர் இவ்விதிகளுக்கு அடங்கிய மாதிரிகளை அமைத்துக் கொடுத்தனர். அரச குடும்பத்தினர்க்கு உடை வகுத்த ஹாட்னெல் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் வகுத்தார், அவள் வாங்கிய உடையிலே அவர் பெயர் இல்லை, பாற்கட்டியே இருந்தது. அம்மாதிரிகள் இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையில் இன்றும் உள்ளன. குறியைக் கண்டவர் உடையின் விலையெல்லையையும் துணியின் தரத்தையும் அறிந்தார். அணிந்தவரின் செல்வநிலையை அதனால் அறிய முடியவில்லை. இன்றைய குறிகள் செய்யும் தொழிலுக்கு இது நேர்மாறானது.

இதனைப் பொற்காலமென எண்ணுதல் பிழை. அலுமாரி நிறைய உடை வைத்திருந்த செல்வருக்கு 66 கூப்பன் மேலதிகமாக வந்தது. மாற்றுடையற்ற வறியவர்க்கோ கூப்பன் இருந்தும் கையிற் பணமில்லை. தம் கூப்பனை விற்றவரும் உளர். அன்றியும், துணியை மிச்சப்படுத்த 1942இற் பிறந்த விதிகள் ஆடவரை மிகவும் சினமூட்டின. சட்டைப்பைகளின் எண்ணிக்கை குறைந்தது; தெறிகள் குறைந்தன; காற்சட்டையின் அடியில் மடிப்பு வைத்தல் தடைசெய்யப்பட்டது. நாடு குண்டுமாரியில் நிற்கையில் அறிவுடைய ஆடவர் காற்சட்டை மடிப்புக்காகப் பாராளுமன்ற உறுப்பினருக்கு முறையிட்டனர்! வேண்டுமென்றே நீளமான காற்சட்டையை வாங்கி வீட்டிலே மடித்துத் தைப்பித்தோரும் பலர். வணிக அமைச்சுக்குத் தலைமை ஏற்றிருந்த ஹியூ டால்ரன் முதலில் உறுதியாக நின்றார். 1944இல் அத்தடை நீங்கிற்று. உடைப் பெருமை பெண்டிர்க்கே உரியதென்று கூறுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்வாராக.

பங்கீட்டினும் பயன் மிக்கது அதனுடன் நடந்த பழுதுபார்க்கும் இயக்கம். ‘உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றுக, கிழிந்ததைத் தைத்திடுக’ என்னும் கருத்துடைய சிறு நூலொன்றை வணிக அமைச்சு 1943இல் வெளியிட்டது. மாலை வகுப்புக்கள் நடைபெற்றன. போருக்குச் சென்ற கணவரின் உடைத்தொகுதி மனைவியரின் உடையாக மாறிற்று, போர்வை மேலங்கியாயிற்று, குழந்தைகள் வளர்ந்து பொருந்தாமற்போன உடைகளை மாற்றிக்கொள்ளும் நிலையங்களைப் பெண்கள் தொண்டர் சேவையினர் நடத்தினர். கந்தையை ஒட்டுவது வறுமையின் அடையாளம் என்றிருந்த எண்ணம் சில ஆண்டுகளுக்கேனும் மறைந்தது. ஒட்டிய துணி அணிதல் கடமையாகவும் திறமையாகவும் கருதப்பட்டது. ஆயின் 1952இற் பயன்பாட்டுடை ஏற்பாடும் முடிந்தபின், பெயர்ச்சீட்டுக்கள் தமது பழைய இருப்பிடத்துக்கு மீண்டன.

பின்னர் வந்த காலத்தில் அப்பெயர்கள் துணியினின்றும் விலகிய தூரம் மிகப் பெரிது. குறியுடைய நிறுவனங்களுட் பல தமக்கெனத் தறியும் தையலாலையும் வைத்திருப்பதில்லை. கட்டளையிட்டு வாங்கிப் பெயரிட்டு விற்கின்றன. கட்டளை பெற்ற ஆலை இன்னோர் ஆலைக்கு அதனைக் கைமாற்றுவதும் உண்டு. இதன் விளைவு 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆந் திகதி உலகறிய வெளிப்பட்டது. பங்களாதேசத்தின் டாக்கா நகரை அடுத்த சவாரில் ராணா பிளாசா என்னும் எட்டுமாடிக் கட்டிடம் இடிந்து வீழ்ந்தது. முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டு கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளத்துத் தையலாலைகளின் தொழிலாளர் மாத்திரம் மறுநாட் காலையில் வேலைக்கு அழைக்கப்பட்டனர். 1,134 பேர் மாண்டனர். எந்த நிறுவனங்களுக்கு அங்கே உடை தைக்கப்பட்டது என்பதை அறிய, தொழிலாளர்க்காகப் பாடுபட்டோர் இடிபாட்டினுள்ளே துணிச்சீட்டுக்களையும் கடதாசிகளையும் தேடிப் பொறுக்கினர். தமது உடை அங்கே தைக்கப்படுவது தமக்குத் தெரியாதென்று கூறிய நிறுவனங்களும் இருந்தன. தன்னைத் தைத்தவர் யார் என்று தன் உடையவனுக்கே தெரியாத குறி, வாங்குவோனுக்கு எதனை உறுதிகூற வல்லது? அத்துயரின்பின் கட்டிடப் பாதுகாப்புக்கான உடன்படிக்கையொன்றில் அவ்வாண்டு மே மாதத்திலேயே பல நிறுவனங்கள் ஒப்பமிட்டன என்பதையும் கூறுதல் நீதி. இன்னொரு செய்தியும் உண்டு. விற்பனையாகாத தன் பொருள்களை மலிவாக விற்றாற் பெயர் தாழும் என்று அஞ்சி, ஓராண்டில் 2 கோடியே 86 இலட்சம் பவுண் பெறுமதியானவற்றை பேர்பரி என்னும் பிரித்தானிய நிறுவனம் அழித்தமை 2018இல் அதன் ஆண்டறிக்கையிலேயே வெளியாயிற்று. கண்டனம் எழவே, அவ்வழக்கத்தை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. பெயரைக் காப்பதற்குத் துணியை எரிக்கும் நிலை அது.

இலங்கையர்க்கு இஃது அயல்நாட்டுக் கதையன்று. 1977இன் பொருளாதார மாற்றத்தின்பின், 1978இற் கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் அமைந்தது. தேயிலையை முந்தி நின்ற ஏற்றுமதியாக ஆடை வளர்ந்தது. 2009இற் போர் முடிந்தபின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆலைகள் எழுந்தன. வடபகுதிப் பாடசாலைகளில் நேற்றுவரை படித்த பெண்கள் பலர் இன்று அங்கே கைமடிப்பும் கழுத்துப்பட்டியும் தைக்கின்றனர். அவர்களுக்குத் துணியைப் பற்றித் தெரிந்த அளவு அதனை விலைகொடுத்து வாங்கி மார்பிற் பெயர் காட்டித் திரியும் இளைஞர்க்குத் தெரியாது. சட்டையின் தரத்தை அறிய அதனை உட்புறம் புரட்டிப் பார்த்தல் வேண்டும் என்பது அவர்களுக்கு முதற்பாடம். அங்குலத்துக்கு எத்தனை தையல். தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி விடப்பட்டுள்ளது. பைமூலையும் அக்குளும் இரட்டித்துத் தைக்கப்பட்டனவா. தெறியின் நூல் முடிச்சிடப்பட்டதா. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவு சீராயுள்ளதா. இவற்றைப் பார்த்து வாங்குவோர்க்குச் சீட்டை வாசிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. சீட்டில் வாசிக்கத்தக்கது ஒன்றே உண்டு. அது பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள நாரின் விவரம்.

அவ்விவரத்தினாற் பெறும் பயன் பெரிது. பருத்தி நார் நனைந்தபோது வலிமை மிகும். ரேயன் நனைந்தபோது வலிமை குன்றும். ஆதலாற் பருத்தி வேட்டியை அடித்துத் துவைப்பது போல ரேயன் துணியை முறுக்கிப் பிழிதல் அதன் ஆயுளைக் குறைப்பதாகும். வியர்வை உப்பு ஊறவிடாது அன்றன்றே நீரில் அலசுதல், நிறத்துணியை உட்புறம் வெளியாக்கி நிழலிலே உலர்த்துதல், நூல் விட்ட தையலைச் சலவைக்கு முன்னரே தைத்தல் ஆகியன பழைய வீடுகளில் எவரும் சொல்லித்தராமலே நடைபெற்றவை. தைத்தபின் துவைத்தால் ஒரு விரற்கடைத் தையல் போதும்; துவைத்தபின் தைத்தால் ஒரு சாண் வேண்டும்.

மாணவர் அணியும் வெள்ளைச் சீருடையில் எக்குறியும் இல்லை. அரசு வழங்கும் துணி எல்லார்க்கும் ஒன்றே. அதனை வாங்கிச் செல்லும் தாய்மார் தையற்காரரிடம் கூறும் சொல்லைக் கேட்டோர் அறிவர்: காற்சட்டைக்கு அடியில் இரண்டங்குலம் மடித்துவிடுக, சட்டைக்கு இடுப்புப் பக்கம் துணி விடுக, பிள்ளை வளருகிறான். தைப்பொங்கலுக்கு முன் ஒரு மடிப்பு அவிழும். ஆடிக்குள் மற்றையதும் அவிழும். அவிழ்த்த இடத்திலே பழைய மடிப்பின் கோடு, கஞ்சியிட்டுத் தேய்த்தாலும் மறையாது, சில மாதம் நிற்கும். கழுத்துப்பட்டி மடியுமிடத்தில் உராய்ந்து நைந்தால், பட்டியை அடித்தையலிலிருந்து பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகுமாறு திருப்பி, முன்னிருந்த துளைகளின் வழியே மீண்டும் தைத்துவிடலாம். ஒரு பிற்பகல் வேலைதான் அது. திருப்பித் தைத்த பட்டியை வெளியிலிருந்து பார்ப்போர் புதிய சட்டையென்றே கொள்வர். அவ்வாறு திருப்பிய சட்டை இன்னுமோராண்டு வகுப்பறைக்குச் செல்லும். அதன்பின் தம்பிக்குப் போகும்.