மேற்கு மலை வேட்டையும் முதற் செலவும்

கொல்லாமையை அறமெனப் போற்றும் மரபினராகிய நமக்கு வேட்டை உவப்பான பொருளன்று. எனினும், கைப்பொருள் குறைவாயிருக்கும்போது எதனை முதலில் வாங்குவது என்னும் வினாவுக்கு, ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதி வேட்டைக்காரரின் வழக்கம் தெளிவான விடை தருகின்றது.

அங்குள்ள றொக்கி மலைத்தொடரில் ‘எல்க்’ என்னும் மானினம் வாழ்கின்றது. நம் நாட்டு மரையினும் பெரிய இதன் ஆண், ஏறத்தாழ 700 இறாத்தல் நிறையுடையது. கொலறாடோ மாநிலத்தில் இதனைத் தேடி 8,000 அடிக்கு மேலும் ஏற வேண்டியிருக்கும். இலையுதிர் காலத்திலேயே அங்குப் பனி பொழிவதுண்டு.

புதியவர் முதலில் நாடுவது துப்பாக்கியையே. ஆயின், அது பட்டியலின் இறுதியில் நிற்கத் தக்கது. 1906 இல் தோன்றிய ‘30-06’ வகைத் தோட்டா இன்றும் இவ்வேட்டைக்குப் போதுமானது. அதனைச் சுடும் பழைய துப்பாக்கி ஒன்றே அமையும்.

முதலிடம் சப்பாத்துக்கு உரியது. காலிற் கொப்புளம் எழுந்தவன் மலையேற மாட்டான். அடுத்தது உடை. நனைந்த பருத்தி உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். கம்பளி நனைந்தும் ஓரளவு வெம்மை காக்கும். குளிரால் உயிரிழப்பு நேரும் இடத்தில் இது சிறு வேறுபாடன்று.

மூன்றாவது இருகண் தொலைநோக்கி. விலங்கு வெளிப்படுவது பெரும்பாலும் வைகறையிலும் அந்தியிலுமாம். பத்து மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீற்றர் முன்வில்லையும் உடைய கருவி 4.2 மில்லிமீற்றர் அகல ஒளிக்கற்றையைக் கண்ணுக்குத் தரும். முன்வில்லை 25 ஆயின் அது 2.5 ஆகச் சுருங்கும். மங்கலொளியில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும்.

நான்காவது சுமைப்பை. எலும்பு நீக்கிய இறைச்சியே 200 இறாத்தலளவு வரும். அதனைப் பல நடையாகச் சுமந்திறக்கல் வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குதல் கொலறாடோவிற் சட்டப்படி குற்றமுமாகும்.

எஞ்சிய பணம் தோட்டாவுக்கும் குறிபார்க்கும் பயிற்சிக்கும் செல்லல் வேண்டும். குறி பிழைப்பின் விலங்கு காயத்தோடு ஓடி நெடுநேரம் துன்புற்று மடியும். விலையுயர்ந்த துப்பாக்கி அக்கொடுமையைத் தடுக்காது. பழகிய கையே தடுக்கும்.

எதன் இன்மையால் உயிருக்குக் கேடும் பிற உயிருக்கு வீண் துன்பமும் விளையுமோ, அதற்கே முதற்பணம் உரியது. கண்ணைக் கவர்வது காத்திருக்கலாம். மாணவர் தம் சிறுசெலவிலும் இம்முறையைக் கைக்கொள்வாராக.