பாடம் வீட்டில், பயிற்சி வகுப்பில்!

இரவு எட்டு மணி. விளக்கின் கீழே கணிதக் கொப்பியை விரித்துக்கொண்டு ஏழாந் தரத்துப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. பகலில் ஆசிரியர் கரும்பலகையிற் செய்து காட்டியபோது எல்லாம் விளங்கியது போலவே இருந்தது. இப்பொழுதோ முதலாவது கணக்கிலேயே பென்சில் நின்றுவிட்டது. தாயாரிடம் கேட்டால், "அப்பா வரட்டும்" என்கிறார். தகப்பனார் களைத்து வந்து விடையைச் சொல்லிவிடுகிறார்; வழியைச் சொல்ல அவருக்குப் பொறுமை இல்லை. மறுநாட் காலையில் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவதோடு அந்தக் கணிதம் முடிந்துவிடுகிறது. நம் வீடுகள் பலவற்றில் நாடோறும் நடக்கும் சங்கதி இது.

இங்கே நாம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தல் நன்று. பாடத்தைக் கேட்டல் எளிது. கணக்கைச் செய்தலே கடினம். எளிய வேலையை ஆசிரியர் அருகில் இருக்கும்போது செய்வித்து, கடினமான வேலையைத் துணையற்ற வேளையிற் செய்யுமாறு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறோமே, இது முறையா? இந்த ஒழுங்கை மாற்றி, பாட விளக்கத்தை வீட்டிலும் பயிற்சியை வகுப்பிலும் வைத்துக்கொள்வதே 'தலைகீழ் வகுப்பறை' எனப்படுவது.

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மலைப்பகுதியில் உவூட்லண்ட் பார்க் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள உயர்தரப் பாடசாலையில் இரசாயனம் கற்பித்த ஜோனதன் பேர்க்மன், ஏரன் சாம்ஸ் என்னும் இருவர், விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தொலைவிடம் சென்று பாடங்களைத் தவறவிட்ட மாணவரின் நலங் கருதி, 2007ஆம் ஆண்டிலே தம் பாடங்களைக் காணொளிகளாகப் பதிவு செய்தனர். பின்னர், எல்லா மாணவரும் இவற்றை வீட்டிலேயே பார்த்து வந்தால் வகுப்பு நேரம் முழுவதையும் பயிற்சிக்கும் ஐயந் தீர்த்தலுக்கும் செலவிடலாமே என்ற எண்ணம் அவர்களுக்கு உதித்தது. கணினி இல்லாத வீடுகளுக்குத் தொலைக்காட்சியிற் பார்க்கும்படி இறுவட்டுகளையும் கொடுத்தனர்.

கணிதத்துக்கும் இத்தகைய கதை ஒன்று உண்டு. சல்மான் கான் என்பவர் 2004ஆம் ஆண்டில் தூரத்திலிருந்த தம் மைத்துனிப் பிள்ளை ஒருத்திக்குத் தொலைபேசி மூலம் கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். 2006இல் அவற்றைக் காணொளிகளாக்கி இணையத்தில் இட்டபோது, நேரிற் கேட்பதிலும் காணொளியையே விரும்புவதாக உறவுப் பிள்ளைகள் கூறினராம். விளங்காத இடத்தில் நிறுத்தலாம்; பத்து முறை திருப்பிக் கேட்டாலும் யாரும் முகஞ் சுளிக்கமாட்டார்கள். 2010இல் கலிபோர்னியாவின் லொஸ் அல்ரோஸ் நகரத்தில் ஐந்தாம், ஏழாம் வகுப்புக் கணித பாடங்களில் அவருடைய காணொளிகளும் பயிற்சிகளும் புகுத்தப்பட்டன.

நம் ஆசிரியர் ஒருவர் இம்முறையைக் கைக்கொண்டால் வகுப்பு எவ்வாறு நடக்கும்? பின்னங்களைக் கூட்டும் பாடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் இரவு பிள்ளைகள் பத்து நிமிட விளக்கம் ஒன்றைப் பார்த்து, ஓர் உதாரணத்தையும் ஓர் ஐயத்தையும் கொப்பியிற் குறித்து வருகின்றனர். வகுப்புத் தொடங்கியதும் ஆசிரியர் 1/2 + 1/3 என எழுதுகிறார். சிலர் 5/6 என்கின்றனர். சிலர் மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டி 2/5 என்கின்றனர். "பாதிப் பாணோடு இன்னும் மூன்றிலொரு பங்கைச் சேர்த்தால், பாதியிலும் குறைந்துவிடுமா?" என்று ஆசிரியர் கேட்கிறார். பிள்ளை சிரித்துக்கொண்டே தன் பிழையைத் தானே காண்கிறது. பின்னர் சரியாகச் செய்தோர் கடினமான கணக்குகளுக்குச் செல்ல, தடுமாறுவோர் அருகில் ஆசிரியர் அமர்கிறார். பழைய முறையில் இந்தப் பிழை வீட்டில், யாரும் காணாத இடத்தில், இருபது கணக்குகளில் வேரூன்றியிருக்கும்.

இனிக் குறைகளையும் சொல்லவேண்டும். 2020இல் தொற்றுநோயினால் நம் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைகளையும், சமிக்ஞை தேடி மேட்டு நிலங்களுக்கு ஏறிய பிள்ளைகளையும் நாம் மறந்துவிடவில்லை. எல்லோருக்கும் எட்டாத ஒன்றை வகுப்புக்கு அடிப்படையாக்குதல் அநீதி. ஆயினும் இம்முறையின் உயிர் கருவியில் இல்லை. ஹார்வாட் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் 1991ஆம் ஆண்டிலேயே, மாணவரை முன்கூட்டி வாசித்து வரச்செய்து, வகுப்பில் அவர்கள் தம்முள் விவாதிக்கும்படி கற்பிக்கத் தொடங்கினார். நமக்கும் தெளிவாக எழுதி அச்சிட்ட இரண்டு பக்கங்கள் போதும்.

பார்க்காமல் வரும் பிள்ளையும் இருக்கும். 2019இல் நோர்வே ஆய்வாளர் இருவர் பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கி, இம்முறையால் நன்மை உண்டு, ஆனால் அது சிறிதே எனக் கண்டனர். மாணவர் ஆயத்தமாக வந்தனரா என்று சிறு சோதனையால் அறிந்த வகுப்புகளில் அந்நன்மை சற்றுக் கூடிற்று. ஆகவே, காணொளியைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஓய்ந்திருக்கலாம் என்று யாரும் எண்ணவேண்டா. அவருக்கு வேலை கூடுமேயன்றிக் குறையாது.

நம்மிடையே கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு உடனே ரியூஷன் தேடுகிறோம். அங்கும் நூறு பேரோடு இருந்து, பிறர் செய்வதைப் பார்த்து எழுதுவதே நடக்குமானால், கேட்டல் இரட்டிப்பாகிறது, செய்தல் கூடவில்லை. நீந்துவோரைக் கரையிலிருந்து பார்ப்பதால் நீச்சல் வருமா?

பாடசாலை மாறும்வரை பெற்றோர் காத்திருக்கவேண்டியதில்லை. இன்றிரவு பிள்ளை கணக்கில் நின்றுவிட்டால் விடையைச் சொல்லாதீர்கள். "எந்த வரியில் நின்றாய்?" என்று கேளுங்கள். அந்த வரியைக் கொப்பியின் ஓரத்தில் கேள்வியாக எழுதச் செய்து, நாளை ஆசிரியரிடம் கேட்கும்படி அனுப்புங்கள். மாணவர்களே, அந்தக் கேள்வியோடு வகுப்புக்குப் போவதற்கு நீங்கள் வெட்கப்படவேண்டா.