கட்டிலிலிருந்து கழிவறை வரை

முதியோர் இல்லங்களில் திருட்டையும் தீயையும்விட அஞ்ச வேண்டியது தரை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். அவர்களில் அறுபதைக் கடந்தவர்களே மிகுதி. எலும்பு தேய்ந்த வயதில் ஒரு சறுக்கல் இடுப்பெலும்பை முறித்துவிடும். அதன்பின் மாதக்கணக்கில் படுக்கை, படுக்கைப் புண், நுரையீரல் தொற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இத்தகைய விழுதல்களில் ஒரு பகுதியைக் கட்டடம் கட்டும்போதே தடுக்கலாம்.

இரவு நேரத்தை எடுத்துக்கொள்வோம். வயதானால் இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கண்ணும் கைகொடுக்காது. இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிறது. இளைஞருக்குப் போதுமான விளக்கு முதியவருக்கு மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

ஆகவே கட்டிலிலிருந்து தொடங்க வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். முழங்கால் செங்கோணத்தில் மடங்க வேண்டும். மெத்தையோடு சேர்த்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரம் பலருக்குப் பொருந்தும். ஆனால் குள்ளமான பாட்டிக்கு அதுவும் உயரம்தான். எல்லோருக்கும் ஒரே அளவுக் கட்டிலை மொத்தமாக வாங்கிப் போடுவது சிக்கனமாகத் தோன்றினாலும் தவறான ஏற்பாடு. கையெட்டும் தூரத்தில் ஸ்விட்ச் இருக்க வேண்டும். கழிவறை வரை கணுக்கால் உயரத்தில் சிறு விளக்குகள் இரவு முழுவதும் எரிய வேண்டும். வழியில் மிதியடி, ஒயர், மடிந்த பாய் எதுவும் கிடக்கக் கூடாது.

விபத்துக்கு இடம் கொடுப்பதில் குளியலறைக்கு ஈடில்லை. நம் வீடுகளில் தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு தடுப்புப் படி வைப்பது வழக்கம். காலை உயர்த்தாமல் இழுத்து நடப்பவரை அந்தச் சிறு படியே இடறிவிடும். படிக்குப் பதிலாகத் தரைக்கு மெல்லிய சரிவு கொடுத்துத் தண்ணீரை வடிக்கலாம். சோப்பு நுரையும் எண்ணெய்க் குளியலன்று படியும் எண்ணெயும் வழுவழுப்பான டைல்ஸைக் கண்ணாடியாக்கிவிடும். சொரசொரப்பான டைல்ஸே ஏற்றது. குனிந்து வாளித் தண்ணீரை மொண்டு குளிப்பவருக்குக் கால் நகராத இருக்கையும், இடுப்புயரத்தில் வாளி வைக்க ஒரு மேடையும் வேண்டும். லேசான பிளாஸ்டிக் ஸ்டூல் ஆகாது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்பதே முறை; 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் சில நொடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும்.

கழிவறையில் உட்காரும் இடம் தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் எழுவது எளிது. பக்கச் சுவரில் கைக்கு அடங்கும் பருமனில் கைப்பிடிக் கம்பி வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ முயன்று, அது கையோடு பெயர்ந்து வர விழுகிறவர்கள் உண்டு. கைப்பிடி ஓர் ஆளின் முழு எடையையும் தாங்கும்படி சுவருக்குள் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் விடுவிக்க வழி இருக்க வேண்டும். அழைப்பு மணியின் கயிறு, தரையில் கிடப்பவர் கைக்கும் எட்டும்படி தொங்க வேண்டும்.

நிறத்துக்கும் இதில் பங்குண்டு. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கழிவறை என்றால், பார்வை மங்கியவருக்கு எது எங்கே முடிகிறது என்று தெரியாது. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் அடர்ந்த நிறம் கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீரும். படிக்கட்டில் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் பளிச்சென்ற பட்டை ஒட்டலாம்.

வாசலில் சாய்தளம் வைத்துவிட்டோம் என்று பல இல்லங்கள் சொல்கின்றன. அந்தச் சாய்தளங்களில் பல பைக் ஏற்றத்தான் லாயக்கு. 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகளின்படி ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். 30 சென்டிமீட்டர் உயர வாசலுக்கு 3.6 மீட்டர் நீளச் சரிவு என்று கணக்கு. சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வெற்றிடமும் தேவை. உட்காரும் சாதாரண நாற்காலிகளுக்கும் கைப்பிடி வேண்டும். ஆழப் புதையும் சோபாவிலிருந்து முதியவர் தானாக எழ முடியாது.

பெற்றோரைச் சேர்க்க இல்லம் பார்க்கப் போகிறவர்கள், வரவேற்பறையில் காபி குடிப்பதற்கு முன் குளியலறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கைப்பிடிக் கம்பியை ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள்.