ஒரு வினைச்சொல்லும் ஒரு வாக்குறுதியும்

எங்கள் பள்ளியில் பல்லாண்டுகள் தையலும் இசையும் கற்பித்த இத்தாலிய அருட்சகோதரி ஒருவர் முதுமை காரணமாகத் தம் தாயகம் திரும்பியதைப் பள்ளிக் குடும்பத்தினர் யாவரும் அறிவர். தமிழை நம்மைப் போலவே பேசிய அவருக்கு, அவருடைய தாய்மொழியிலேயே ஒரு கிறிஸ்துமஸ் மடல் எழுதினால் என்ன என்று பதினொன்றாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எண்ணினோம். நூலகத்திலிருந்த பழைய இத்தாலிய இலக்கண நூல் ஒன்றைத் துணையாகக் கொண்டு, பத்து வரிகள் எழுதி அனுப்பினோம். "அடுத்த முறை தங்களோடு இத்தாலிய மொழியில் பேசுவோம்" என்பது இறுதி வரி. 'பேசுவோம்' என்பதற்கு 'பர்லெரேம்மோ' என்று எழுதியிருந்தோம்.

சில வாரங்களில் எங்கள் மடலே எங்களிடம் திரும்பி வந்தது! ஒரேயோர் எழுத்து மட்டும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில், நடுங்கும் தமிழ் எழுத்தில், "பிள்ளைகளே, இது வாக்குறுதியா, சாக்குப்போக்கா?" என்று சிஸ்டர் கேட்டிருந்தார்.

'பர்லெரேமோ' என்றால் 'பேசுவோம்'. 'பர்லெரேம்மோ' என்றால் 'முடிந்தால் பேசுவோம்'. ஒரு மகர ஒற்று மிகுந்ததால் எங்கள் வாக்குறுதி வெறும் சாக்காகிவிட்டது. வெட்கம் ஒருபுறம், ஆர்வம் ஒருபுறம். அந்த ஒரு வினைச்சொல்லையாவது முழுமையாகக் கற்றே தீருவது என்று முடிவு செய்தோம். கற்றதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் பிறப்பு

'பர்லாரே' என்பது 'பேசுதல்'. இது பிற்கால இலத்தீனின் 'பராபொலாரே' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர் 'பராபொலா'; அதாவது, உவமை! நற்செய்தியில் இயேசு கூறிய உவமைகளைக் குறிக்கும் அதே சொல்தான் காலப்போக்கில் இத்தாலியரின் அன்றாடப் பேச்சையே குறிக்கலாயிற்று.

இத்தாலிய வினைச்சொற்கள் 'ஆரே', 'எரே', 'ஈரே' என்னும் மூன்று முடிவுகளைக் கொண்டு மூன்று குடும்பங்களாகும். முதற் குடும்பமே மிகப் பெரியது. புதிதாகப் பிறக்கும் வினைகளும் பெரும்பாலும் இதில்தான் சேர்கின்றன. தொலைபேசியில் அழைப்பதைக் குறிக்கும் 'தெலெஃபோனாரே' இதற்கோர் எடுத்துக்காட்டு. 'பர்லாரே' முதற் குடும்பத்தின் ஒழுங்கான பிள்ளை. இதன் போக்கை அறிந்தால் அக்குடும்பத்தின் மிகப் பல வினைகளை அறிந்தவராவோம்.

விகுதியே ஆளைச் சொல்லும்

'பேசுகிறேன்' என்றால் 'நான்' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை அல்லவா? இத்தாலிய மொழியும் அப்படியே. நிகழ்காலத்தைப் பாருங்கள்:

பேசுகிறேன் – பார்லோ
பேசுகிறாய் – பார்லி
பேசுகிறான், பேசுகிறாள் – பார்லா
பேசுகிறோம் – பர்லியாமோ
பேசுகிறீர்கள் – பர்லாத்தே
பேசுகிறார்கள் – பார்லனோ

நம் மொழி ஆண்பாலையும் பெண்பாலையும் வினையிலேயே காட்டும். 'பார்லா' அதைக் காட்டாது. நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு உண்டு. அவர்களுக்கு 'நோய்' என்னும் ஒரே சொல்தான். (பிணி என்று அஞ்ச வேண்டாம்!)

அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். 'பார்லனோ' என்பதில் முதல் அசையை அழுத்திச் சொல்வர். 'பார்லோ' என்று முதலசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. அதையே 'பர்லோ' என்று கடைசி அசையை அழுத்தினால் 'அவன் பேசினான்'. எழுதும்போது அந்தக் கடைசி எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு இடுவர்.

காலங்கள்

சென்ற காலத்தைச் சொல்ல இத்தாலியரிடம் பல வழிகள் உள்ளன. 'பர்லாவோ' என்றால் 'பேசிக்கொண்டிருந்தேன்' அல்லது 'வழக்கமாகப் பேசுவேன்'. சிஸ்டர் மாலைதோறும் தோட்டத்தில் எங்களோடு பேசியதைச் சொல்ல இதுவே ஏற்றது. 'ஓ பர்லாத்தோ' என்றால் 'பேசினேன்' அல்லது 'பேசியிருக்கிறேன்', செயல் முடிந்துவிட்டது. 'பர்லாய்' என்பதும் 'பேசினேன்' தான். ஆனால் இன்றைய வாழ்வோடு தொடர்பு அறுந்த, தொலைவில் நின்ற இறந்தகாலம் அது. வரலாற்று நூல்களிலும் கதைகளிலும் இதை மிகுதியாகக் காணலாம். வட இத்தாலியர் பேச்சில் இதை அரிதாகவே பயன்படுத்துவர். தென் இத்தாலியர் பலர் இயல்பாகப் பேசுவர்.

எதிர்காலம் 'பர்லெரோ'. இது பிறந்த விதம் சுவையானது. 'பர்லாரே' என்னும் சொல்லோடு, 'எனக்கு உண்டு' என்னும் பொருளுடைய 'ஓ' ஒட்டி இது உருவாயிற்று. 'பேசுதல் எனக்கு உண்டு' என்பது 'பேசுவேன்' ஆயிற்று. கையில் இருக்கும் பொருளைப் போல் நாளைய கடமையும் நம்மிடம் இருக்கிறது என்று சொல்வது போலில்லையா?

பாங்குகள்

காலம் மட்டும் அறிந்தால் போதாது. பேசுவோரின் மனநிலையையும் வினை காட்ட வேண்டும். இதனை இத்தாலியர் 'மோதோ' என்பர். நாம் 'பாங்கு' எனலாம். பாங்குகள் ஏழு. எல்லாப் பாங்குகளிலும் உள்ள காலங்களைக் கூட்டினால் இருபத்தொன்று வரும். மலைக்க வேண்டாம், அவற்றுள் ஏறக்குறைய பாதி, துணைவினை சேர்த்து அமைப்பவையே.

முதலாவது 'இந்திகாத்தீவோ'. உள்ளதை உள்ளபடி கூறுவது. மேலே கண்டவை எல்லாம் இப்பாங்கில் அடங்கும்.

இரண்டாவது 'கோஞ்சுந்தீவோ'. எண்ணம், ஐயம், விருப்பம், அச்சம் ஆகியவற்றுக்கு உரியது. 'அவள் பேசுகிறாள் என்று அறிவேன்' என்னும்போது 'பார்லா' வரும். 'அவள் பேசுகிறாள் என்று நினைக்கிறேன்' என்னும்போது 'பார்லி' வரும். அறிந்ததற்கும் நினைப்பதற்கும் இடையே ஓர் உயிரெழுத்து காவல் நிற்கிறது. ஊர்ப்பேச்சைக் கேட்டு உண்மை போல் பரப்பும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அவர்கள் இப்பாங்கை முதலில் கற்பது நலம்!

நம் இலக்கணத்தில் வாழ்த்தவும் வேண்டவும் வரும் வியங்கோள் வினைமுற்று இதற்குப் பல இடங்களில் ஈடாகிறது. கர்த்தர் கற்பித்த செபத்தில் நாம் 'வருக' என வேண்டும் இடத்தில் இத்தாலியர் 'வேங்கா' என்று இப்பாங்கில்தான் வேண்டுகின்றனர்.

மூன்றாவது 'கோந்தித்சியோனாலே', நிபந்தனைப் பாங்கு. 'பர்லெரேய்' என்றால் 'பேசுவேன், ஆனால் ஏதோ ஒன்று இருந்தால்தான்'. பெரும்பாலும் அந்த 'இருந்தால்' என்பதைக் 'கோஞ்சுந்தீவோ'வின் இறந்தகாலம் சுமக்கும். 'ஸே சபேஸ்ஸிமோ பர்லாரே, பர்லெரேம்மோ' என்றால், 'நாங்கள் பேசத் தெரிந்தவர்களாயின் பேசுவோம்'. எங்களை மாட்டிவிட்ட சொல் இதுவே!

நான்காவது 'இம்பெராத்தீவோ', அதாவது ஏவல். தோழியிடம் 'பார்லா' என்றால் 'பேசு'. பெரியவர்களிடம் அப்படிச் சொல்லலாகாது. அவர்களுக்கு 'பார்லி' என்று 'கோஞ்சுந்தீவோ'வைக் கடன் வாங்க வேண்டும். மரியாதைக்குரியவரிடம் கட்டளை செல்லாது, விருப்பமே செல்லும் என்பது இதன் உட்பொருள் போலும். வகுப்பில் நாம் அடிக்கடி கேட்கும் 'பேசாதே' என்பது 'நோன் பர்லாரே'.

மீதி மூன்றும் நம் எச்சங்களைப் போல ஆளைக் காட்டாதவை: 'பர்லாரே' (பேசுதல்), 'பர்லாத்தோ' (பேசிய), 'பர்லாந்தோ' (பேசிக்கொண்டே).

கற்பது நமக்குக் கடன்

"இவ்வளவு விகுதிகளா?" என்று எங்களில் ஒருத்தி சலித்துக்கொண்டாள். அப்போது தமிழாசிரியை வீரமாமுனிவரை நினைவூட்டினார். 1680-இல் இத்தாலியில் பிறந்த அவர், நம் மண்ணுக்கு வந்து, நம் வினைமுற்றுகளையும் எச்சங்களையும் கற்று, பேச்சுத் தமிழுக்கே இலத்தீனில் இலக்கணம் எழுதினார். 1732-இல் 'சதுரகராதி'யைத் தந்தார். அவர் நம் மொழிக்காக உழைத்த உழைப்பின் முன், அவர் நாட்டு வினைச்சொல் ஒன்றைக் கற்பது எம்மாத்திரம்?

அதனினும் பெரிய காரணம் ஒன்று பின்னர் தெரிய வந்தது. சிஸ்டருக்கு நினைவு மங்கி வருகிறதாம். ஆங்கிலம் ஏறக்குறைய மறந்துவிட்டது. தமிழும் மெல்ல நழுவுகிறது. தாய்மொழி மட்டும் தங்கியிருக்கிறது என்று அவருடன் வாழும் சகோதரிகள் எழுதியிருந்தனர். எங்கள் மடலின் ஓரத்தில் அவர் எழுதிய அந்த ஒரு வரியைத் தமிழில் எழுத அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ!

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் மதர் அவர்கள் தம் அலுவலகத்துத் தொலைபேசியில் அவரை அழைத்துத் தந்தார்கள். நாங்கள் எண்மர் சூழ்ந்து நின்றோம். முதலில் பேசியவள் பதற்றத்தில் 'பார்லா' என்று தோழியை ஏவுவது போல் ஏவிவிட்டாள். மறுமுனையில் சிரிப்பொலி கேட்டது. 'பார்லி, பார்லி' என்று திருத்தினார் சிஸ்டர். யாருடன் பேசுகிறார் என்பது அவருக்கு முழுமையாக விளங்கியதா என்று நாங்கள் அறியோம். ஆனால், பிழையைத் திருத்தும் ஆசிரியை அப்படியே இருந்தார்.

இறுதியாக நாங்கள் எல்லோரும் சேர்ந்து, ஒரே மகரத்தோடு, 'பர்லெரேமோ' என்றோம். 'பர்லியாமோ' என்றார் அவர்.

அன்புத் தோழியரே, 'பர்லியாமோ' என்பதற்கு இரு பொருள் உண்டு. 'பேசுகிறோம்' என்பது ஒன்று. 'வாருங்கள், பேசுவோம்' என்பது மற்றொன்று. அவர் எப்பொருளில் சொன்னார் என்று நாங்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். எப்பொருளாயினும், நாளைக்கு என்று நாங்கள் சொன்னதை அவர் இன்றைக்கு என்று மாற்றிவிட்டார். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் அவரோடு பேசுகிறோம்.